சுமைகூலி முக்கால் பணம்: இழுத்துப் போன காரும் யார்டு வாடகையும்

கேள்வி இதுதான். டல்லாஸ் பக்கம் அபார்ட்மெண்ட்டில் இருக்கும் தம்பி மூன்று வார லீவில் மதுரைக்கு வந்திருந்தார். பார்க்கிங் பெர்மிட் காலாவதியாகிவிட்டது என்று அவருடைய காரை டோ லாரி இழுத்துப் போய்விட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால், இழுத்த கூலியைவிட, இழுத்த கார்களை அடைத்து வைக்கும் யார்டில் நிறுத்திவைத்த வாடகை அதிகம். தினக் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயித்திருக்கிறது என்கிறார்கள். நிர்ணயித்த பிறகும் ஏன் இவ்வளவு? இதை எப்படித்தான் கட்டுப்படுத்துவது?

நான் டெக்சாஸில் இப்படி ஒரு யார்டுக்குச் சில வருஷம் கணக்கு பார்த்தவன். கவுண்ட்டர் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்ததால் இரண்டு பக்கத்து நியாயமும் ஓரளவு தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரசு நிர்ணயித்தது ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதை. பில்லைப் பெரிதாக்குவது எத்தனை நாள் என்பது. ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்துவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு போவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும். மீட்டர் எப்போது ஓட ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்பதைச் சட்டம் பிடிக்காதவரை தினக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். டெக்சாஸில் 25 அடிக்கு மேற்படாத வண்டிக்குத் தின வாடகை நீண்ட காலம் 20 டாலராக இருந்தது. இப்போது அதைவிடச் சற்றுக் கூட. வட்டமாக 20 என்றே வைத்தாலும் 22 நாளுக்கு 440 டாலர். அதோடு இழுத்த கூலி, உள்ளே சேர்த்ததற்கு ஒரு கட்டணம், உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பியதற்கு ஒரு தொகை. ஒரு நாள் வாடகை என்று பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஏர்போர்ட் பார்க்கிங்கில் அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

முதலில், இந்தத் தொழிலில் விலையைச் சந்தையிடம் விட முடியாது என்பதற்கான காரணம். பொதுவாக, விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே கடையைத் தேர்ந்தெடுப்பவர் அபார்ட்மெண்ட் மேனேஜர் அல்லது போலீஸ். காசு கொடுப்பவர் வேறொருவர், அவர் கடைக்கு வரும்போது அவருடைய கார் ஏற்கெனவே வேலிக்கு உள்ளே இருக்கிறது. பேரம் பேச அவர் கையில் ஒன்றும் இல்லை. யார்டு வாசலில் நின்றுகொண்டு "வேறு யார்டுக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு நாள் தாமதத்திலும் ஒரு பக்கத்துக்கு வரவு, இன்னொரு பக்கத்துக்குச் செலவு. மேனேஜருக்கும் டோ கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான், இழுத்துப் போவதில் இருந்து இடத்துக்காரர் நேராகவோ சுற்றிவளைத்தோ எந்தப் பணப் பலனும் பெறக் கூடாது என்று டெக்சாஸ் சட்டத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, மீட்டர் விஷயத்துக்கு வருவோம்.

டெக்சாஸ் சட்டப்படி ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடியும். 24 மணி நேரம் நிற்க வேண்டியதில்லை. ஒரு நாளின் துண்டு நேரத்துக்கும் முழு நாள் வாடகை வாங்கலாம். வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்கு ஒரு கார் யார்டுக்குள் வந்தால், 20 நிமிஷத்தில் ஒரு நாள் முடிந்து இரண்டாம் நாள் பிறந்துவிடும். இந்த அநியாயத்துக்குச் சட்டமே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: மொத்தமாக 12 மணி நேரத்துக்குக் குறைவாக நின்றிருந்தால் ஒரு நாளுக்கு மேல் கேட்கக் கூடாது. ஆக, அந்தக் கார்க்காரர் சனிக்கிழமை காலை 11.40-க்குள் வந்துவிட்டால் ஒரு நாள் வாடகை. பன்னிரண்டரைக்கு வந்தால் இரண்டு நாள். பதினொன்றே முக்காலுக்கு இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து நின்ற ஒருவரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து நிமிஷம். கம்ப்யூட்டர் இரண்டு நாள் என்றுதான் காட்டியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு நாளாகத் திருத்திக் கொடுத்தார், அது அவருடைய நல்ல மனசு.

இந்த 12 மணி நேர விதி ஒரு வரிதான். ஆனால் தினக் கட்டணத்தில் ஒரு டாலர் குறைப்பதைவிட அது அதிகம் பேருக்கு உதவுகிறது என்பேன். பெரும்பாலானவர்கள் காரைத் தேடிக் கண்டுபிடித்து மறுநாளே வந்துவிடுவார்கள். அவர்களுடைய பில்லில் அது நேராக ஒரு நாளைக் கழிக்கிறது.

வராதவர்கள் கதை வேறு. கார் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், உங்கள் தம்பியைப் போல ஊரில் இல்லாதவர்கள். இவர்களைக் காப்பது நோட்டீஸ் விதி. வண்டியை அபார்ட்மெண்ட்டில் இருந்து கொண்டுவந்த இரண்டு மணி நேரத்துக்குள் யார்டு உள்ளூர் போலீஸுக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். (கார் காணவில்லை என்றால் முதலில் போலீஸின் சாதாரண எண்ணுக்குப் போன் செய்யச் சொல்வது இதனால்தான். பாதிப் பேர் திருட்டுப் புகார் கொடுக்கப் போய், "உங்கள் கார் டோ ஆகியிருக்கிறது" என்ற பதிலோடு திரும்புவார்கள்.) அப்புறம், டெக்சாஸில் பதிவான வண்டி என்றால் ஐந்து நாளுக்குள் உரிமையாளருக்கும், கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். அனுப்பாமல் இழுத்தடித்தால் அந்த நாட்களுக்கு முழு வாடகையும் கேட்க முடியாது. யார்டுக்காரர்களை ஐந்தாம் நாளுக்குள் தபால் ஆபீசுக்கு ஓட வைப்பது அபராத பயம் அல்ல, இந்தக் கழிவுதான். எங்கள் யார்டிலும் நோட்டீஸ் வேலையைத் தள்ளிப்போட்டால் முதலாளிக்கு வரும் கோபம் தனி ரகம்.

ஆனால் நோட்டீஸ் போவது வேறு, போய்ச் சேருவது வேறு. பதிவு செய்தபோது கொடுத்த பழைய வீட்டு முகவரிக்குப் போகும். ஆள் மதுரையில் இருக்கும்போது பூட்டிய தபால் பெட்டியில் சீட்டு கிடக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை அனுப்பியாயிற்று. மீட்டர் ஓடும். பதினைந்து நாள் கழிந்தும் யாரும் வரவில்லை என்றால் இரண்டாவது நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லாமல் 30 நாள் போனால் வண்டியை விற்கும் நிலைக்கு யார்டு வந்துவிடும்.

இதில் மிக மோசமாகப் போன ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் என்ற ஊர், 2007 பிப்ரவரி, பனிப்புயல். பனியை வாரிக் கொட்டுவதற்காக அபார்ட்மெண்ட் வளாகத்தில் நின்ற கார்களை எடுக்கச் சொன்னார்கள். ஒருவருடைய ஹோண்டா சிவிக் எடுபடவில்லை. அவர் படுத்த படுக்கையாக இருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள், மாரடைப்பும் வந்தது. ஏப்ரலில் வீடு திரும்பிய பிறகுதான் கார் இழுத்துச் செல்லப்பட்டதும், ஏலத்துக்கு நாள் குறித்திருப்பதும் அவருடைய வக்கீலுக்குத் தெரிகிறது. வக்கீல் பணம் கட்டி எடுத்துக்கொள்கிறோம் என்றார். கம்பெனி அதைக் கேட்காமல் ஏலத்தை நடத்தியது. ஏலத்தில் கேட்பார் இல்லை. பின்னர் அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். உரிமையாளருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

அவர் மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டபோது கம்பெனி எடுத்த ஆயுதம்தான் நம் கேள்விக்கு முக்கியம். 1994-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: சரக்கு லாரிகளின் விலை, வழி, சேவை ஆகியவற்றில் மாநிலங்கள் தலையிடக் கூடாது. டோ லாரியும் லாரிதானே, ஆகவே இழுத்த வண்டியை என்ன செய்தாலும் மாநிலச் சட்டம் எங்களைக் கேட்க முடியாது என்றார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். கார் யார்டுக்கு வந்து நின்ற நிமிஷத்தோடு போக்குவரத்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்திவைப்பதும் விற்பதும் மாநிலத்தின் கையில் இருக்கிற விஷயம் என்றார். கூடவே ஒரு குட்டும் வைத்தார்: வாடகைக்காகக் காரை விற்கலாம் என்ற உரிமையே மாநிலச் சட்டம் கொடுத்ததுதான், அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றால், எந்த உரிமையில் விற்றீர்கள்?

இந்தத் தீர்ப்பு இல்லையென்றால் யார்டு வாடகையை ஒழுங்குபடுத்துவது பற்றி மாநிலங்கள் பேசுவதே சிக்கலாகியிருக்கும். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் இழுக்கும்போது கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய சட்டமே 1995-ல் மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. வாடகையும் விற்பனையும் 2013-ல் தெளிவாயிற்று.

மீட்டர் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன. உரிமையாளர் காசோடு வந்து நின்றால் மீட்டர் நிற்க வேண்டும் என்பது பொது அறிவு. நடைமுறையில் அப்படி இல்லை. கலிபோர்னியாவில், லைசென்ஸ் முடக்கப்பட்டவர் ஓட்டிய வண்டியைப் போலீஸ் 30 நாள் பிடித்து வைக்கலாம் என்று ஒரு சட்டம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண் தன் காரை உறவினருக்கு ஓட்டக் கொடுத்தார். அந்த உறவினருக்கு லைசென்ஸ் முடக்கம் என்று தெரிந்து போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அந்தப் பெண் தன் பதிவுச் சான்றும் செல்லுபடியாகும் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு போய், ஆன செலவையெல்லாம் கட்டிவிடுகிறேன் என்று நின்றார். முடியாது, 30 நாள் ஆக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மீதி 27 நாளுக்கும் வாடகை அவர் தலையில். 2017-ல் கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமையாளர் வந்து நின்ற பிறகும் பிடித்து வைப்பதற்கு அரசு தனியாகக் காரணம் காட்டியாக வேண்டும் என்றது. எடுத்ததற்கு நியாயம் இருந்தது என்பது வைத்திருப்பதற்கு நியாயம் ஆகாது.

சிகாகோவில் இன்னொரு வகை. அங்கே பிடித்து வைப்பது நகராட்சியே. முதல் ஐந்து நாள் தினம் 20 டாலர், ஆறாம் நாளில் இருந்து 35 என்று இருந்தது. நாளாக நாளாக விலை ஏறும் வாடகையை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? 60 நாள் நின்றால் 2,025 டாலர் ஆனது. காரின் விலையே அவ்வளவு தேறாத கேஸ்கள் ஏராளம். அபராத பாக்கிக்காகக் காரைப் பறிகொடுத்தவர்கள் திவால் மனு போட்டுக் காரைத் திருப்பிக் கேட்டார்கள். கார் இருந்தால்தானே வேலைக்குப் போய்க் கடனை அடைக்க முடியும் என்பது அவர்கள் வாதம். கீழே ஜெயித்தது, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஏற்கெனவே கையில் இருப்பதை நகராட்சி சும்மா வைத்திருப்பது திவால் சட்டத்தில் அவர்கள் காட்டிய பிரிவை மீறுவது ஆகாது என்றார்கள் நீதிபதிகள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே நடத்திக் காட்டிய ஊர் அது. வாடகை ஒரு எல்லைக்கு மேல் ஏறாதபடி நகர சபையே உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது.

யார்டுக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. டெக்சாஸில் யார்டு என்றால் ஆறடி வேலி, மழையில் சேறாகாத தரை, இரவெல்லாம் விளக்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். 24 மணி நேரமும் வண்டி வாங்கும் யார்டு 24 மணி நேரமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டி வெளியே போக வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கும் ஒரு ஆள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். அதைவிடப் பெரிய தலைவலி யாரும் தேடி வராத வண்டிகள். இன்ஜின் போனது, எரிந்தது, விபத்தில் நசுங்கியது. இரண்டு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கடைசியில் ஸ்க்ராப் விலைக்குப் போகும். அந்த நஷ்டத்தைத் தேடி வருபவரிடம்தான் வசூலிக்கிறார்கள். நான் பார்த்த கணக்கில் இது பொய்யில்லை. கைவிட்ட வண்டிகளுக்கு வேறு வழியில் பணம் வராமல் தின வாடகையை மட்டும் இறுக்கினால், யார்டு வேறு பெயரில் வாங்கும்.

வேறு பெயர் என்றேன் அல்லவா, அந்தக் கலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். கேட் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஏற்றிய கட்டணம், இறக்கிய கட்டணம், சின்னச் சக்கர டாலி போட்டதற்கு ஒரு கட்டணம், வரிசையில் இருந்து வெளியே இழுத்து விட்டதற்கு ஒரு கட்டணம், ஃபைல் போட்டதற்கு ஒரு கட்டணம். கலிபோர்னியா வாகனச் சட்டம் இவற்றைப் பெயர் சொல்லியே நியாயமற்றவை என்று பட்டியல் போட்டுவிட்டது; வேலை நேரம் தவிர்த்து உரிமையாளரே கேட்டு வாங்கினால் மட்டும் கேட் கட்டணத்துக்கு விலக்கு. "கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட இப்படிப் பச்சையாக எழுதுவது எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கம், நிர்ணயித்துவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. இங்கிலாந்தில் போலீஸ் எடுக்கும் வண்டிகளுக்கான கட்டணம் 2008-ல் நிர்ணயித்தது, 2023-ல்தான் உயர்ந்தது. காருக்கு இழுவைக் கூலி 150 பவுண்டில் இருந்து 192, தின வாடகை 20-ல் இருந்து 26. பதினைந்து வருஷம் டீசல் விலையும் நில வாடகையும் ஏறிக்கொண்டே இருக்க, கட்டணம் மட்டும் அசையாமல் நின்றால் ஒழுங்கான ஆட்கள் தொழிலை விட்டுப் போவார்கள். விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளும் டெக்சாஸ் முறை இதற்குப் பரவாயில்லை.

டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்காக ஒன்றும் சேர்க்கிறேன். ஒன்ராறியோவில் விபத்து நடந்த இடத்துக்கு எந்த டோ லாரி முதலில் வருகிறதோ அதற்கே வண்டி என்ற நிலை இருந்து, அது கும்பல் சண்டையாகவே முற்றியது. யார்க் வட்டாரப் போலீஸ் 2020-ல் பெரிய வேட்டை நடத்தியது. அதற்கு அடுத்த வருஷம் தனிச் சட்டம் வந்தது; 2024 ஜனவரியில் இருந்து டோ நிறுவனத்துக்கும் யார்டுக்கும் மாகாணச் சான்றிதழ் கட்டாயம். அங்கே அரசு எல்லோருக்கும் ஒரே விலை வைக்கவில்லை. அவரவர் கட்டணப் பட்டியலை முன்கூட்டியே அமைச்சகத்திடம் கொடுத்து வெளிப்படையாக வைக்க வேண்டும், அதற்கு மேல் வாங்கக் கூடாது. எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். நெடுஞ்சாலை ஓரத்தில் ரத்தக் காயத்தோடு நிற்பவர் இணையத்தில் கட்டணம் ஒப்பிட்டுக்கொண்டா இருப்பார்? ஆனால் பிற்பாடு இன்ஷூரன்ஸ் கம்பெனி பில்லைச் சரிபார்க்க அந்தப் பட்டியல் உதவும். வண்டிக்குள் கிடக்கும் சொந்தப் பொருளைக் காசு வாங்காமல் எடுக்க விட வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது.

நம் ஊரில் பிரச்சினையின் முகமே வேறு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்து நிற்கும் பைக்குகளுக்கு வாடகை ஏறுவதில்லை, துருதான் ஏறுகிறது. அப்படி வைத்திருக்கக் கூடாது, படம் எடுத்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதுவும் நாள் கணக்குப் பிரச்சினைதான்.

உங்கள் தம்பிக்கு வருவோம். நியாயம் பேசுவதற்கு முன் காரை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும் நாளுக்கும் வாடகை ஏறும். பணம் கட்டியதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. கார்டு வாங்க மாட்டோம், ரொக்கம் கொண்டுவா என்றால் அது தப்பு. டெபிட், கிரெடிட் கார்டு இரண்டையும் வாங்கியாக வேண்டும். பதிவுச் சான்று காருக்கு உள்ளே இருக்கிறது என்றால், அதை எடுப்பதற்காகக் காரைத் திறக்க விட வேண்டும். பில்லை வரி வரியாகக் கேட்டு வாங்கட்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது தொகை அல்ல, கார் உள்ளே வந்த தேதி, நேரம், முதல் நோட்டீஸ் தபாலில் சேர்ந்த தேதி. ஆறாம் நாளோ பத்தாம் நாளோதான் போயிருக்கிறது என்றால் அங்கேயே கவுண்ட்டரில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இழுத்ததே தப்பு என்று நினைத்தால், கார் நின்ற இடத்துக்கு உரிய ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் கோர்ட்) டோ விசாரணை கேட்கலாம். இழுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள், சனி ஞாயிறு, அரசு விடுமுறை கழித்து. மூன்று வாரம் போய்விட்டதே என்று உடனே கைவிட வேண்டாம். விசாரணை கேட்பதற்குத் தேவையான விவரங்களை டோ கம்பெனியோ யார்டோ கையில் கொடுத்த நாளில் இருந்துதான் அந்த 14 நாள் ஓட ஆரம்பிக்கும். பணம் கட்டும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வாங்கிய தேதியை அதிலேயே எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.